வலது கால் மட்டும்

எங்கள் பங்குக் கோவிலில் மாதம் ஒருமுறை நான்கு பக்கத்தில் ஒரு மடல் வரும். முதல் பக்கத்தில் பங்குத்தந்தையின் செய்தி. நடுப்பக்கங்களில் பூசை நேரங்கள், திருமண அறிவிப்புகள், எந்த வாரம் அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்ற விவரம். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி என்னுடையது. ஆறு வருடமாக அதை நான்தான் எழுதுகிறேன். அன்றாடம் கண்ணில் படும் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, படிப்பவர்களைச் சிரிக்க வைத்து, கடைசி இரண்டு வரியில் அதற்குள்ளிருந்து ஒரு விசுவாசப் பாடத்தை எடுத்துக் காட்டுவது என் வழக்கம்.

உக்கடம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களைப் பற்றி ஒருமுறை எழுதினேன். போட்டவர் ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது; கைக்குட்டை மட்டும் சொகுசாக உட்கார்ந்து பொள்ளாச்சி வரை போனது. நாமும் பரலோகத்தில் கைக்குட்டை போட்டு வைத்துவிட்டுக் கீழே நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்று முடித்தேன். பூசையில் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரம் வந்தால் சரியாகக் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பிக்கும் இரண்டு ஓரகத்திகளைப் பற்றி இன்னொரு முறை எழுதினேன். அந்த ஞாயிறு கோவிலில் ஒரு கைப்பைகூடத் திறக்கவில்லை. பங்குத்தந்தை என்னைப் பார்த்து, "என் பிரசங்கத்துக்கு இந்தப் பலன் இல்லையேம்மா" என்றார். அதை ஒரு மாதம் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

எனக்குப் பெருமை அதிகம். மறைக்க ஒன்றுமில்லை. அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அம்மா இரண்டாம் வகுப்பில் சிலேட்டை வைத்துவிட்டு வந்தவர். எங்கள் வீட்டில் புத்தகப் பையைத் தோளில் போட்ட முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலை முடித்து, கோயம்புத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். சனி ஞாயிறில் சென்னிமலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். பங்குப் பேரவையில் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. பீடத்தில் ஏறி வாசகம் வாசிக்கும்போது, கடைசி வரிசையில் தூணுக்கு அருகில் அப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். என் குரல் அவருக்காகவே கொஞ்சம் உயரும்.

அவர் ஏன் எப்போதும் அந்தத் தூணுக்கு அருகில் உட்கார்ந்தார் என்று நான் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அங்கே உட்கார்ந்தால் கால்களைத் தூணுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்குச் சாயப்பட்டறை வேலை. படுக்கை விரிப்புத் தறிகளுக்கான நூலைச் சாயத் தொட்டியில் முக்கி எடுப்பவர். ரப்பர் பூட்ஸ் உண்டு. ஆனால் அதற்குள் தண்ணீர் புகுந்தால் நாள் முழுக்க ஊறும் என்று எல்லோரும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதனால் அந்தந்த வாரத்து நிறம் அவர் காலில் இருக்கும். "இந்த வாரம் அரக்கு ஆர்டராக்கும்" என்று அம்மா அவர் காலைப் பார்த்தே சொல்வார். ஒரு நிறம் போவதற்குள் அடுத்தது ஏறிவிடும். நகங்கள் மட்டும் எப்போதும் ஒரே கருப்பு. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவரிடம், ஷூ போட்டுக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். அவர் வெளியில் வேப்பமரத்தடியில் நின்று, நான் கொண்டுவந்து காட்டிய மதிப்பெண் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். பிறகு ஒருநாள் அது தானாக நினைவுக்கு வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குத்தந்தை பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு கடைசி இரவு உணவின்போது சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்யும் சடங்கு. எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள். தெருவாரியாக வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழுக்கள் அவை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். எங்கள் அன்பியத்தில் பெயர்களைச் சீட்டில் எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். வந்தது அப்பாவின் பெயர்.

அவர் நம்பவில்லை. "இன்னொருக்கா குலுக்குங்க, தப்பா வந்திருக்கும்" என்றார். குலுக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகு எழுந்து வெளியே போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். அங்கே நடந்த பேச்சை அவரே வீட்டில் நடித்துக் காட்டினார்.

"ஏனுங்க, உங்க காலைக் கழுவுனா அந்தச் சாமி கை நீலமாயிருமுங்களே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"ஆகட்டுமுங்க. நம்ம சாயம் கோவில்ல கழுவியும் போவலைன்னு மொதலாளி விளம்பரம் பண்ணிக்கலாமுல்ல" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அம்மா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே, "முப்பது வருசமா நான் தேய்ங்க தேய்ங்கன்னு சொன்ன காலு. இப்பச் சாமி வந்து தேய்க்கோணுமாக்கும்" என்றார். ஆனால் பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து நீலம் போட்டுத் துவைத்ததும் அவர்தான்.

அந்த வாரம் நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமையே மடலுக்கான என் அரைப்பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரும் முந்தின நாளே கல்லில் காலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் போட்டு, பவுடரும் அடித்துக்கொண்டு வருகிறார்கள். பாவம், பங்குத்தந்தைக்குக் கழுவ அழுக்கே கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தேன். 'கழுவின காலைத்தான் நாம் ஆண்டவரிடமும் நீட்டுகிறோம்' என்பது கடைசி வரி. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

செவ்வாய் சாயங்காலம் கோவில் பலகைக்கான அறிவிப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வயலிலிருந்து நேராகச் சேற்றுக்காலோடு யாரும் வந்துவிடக் கூடாதென்று, "சுத்தமா வரச் சொல்லி ஒரு வரி போட்டுருங்க" என்று, கோவில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியார் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன போட்டிருக்குது, படி கண்ணு."

"பாதம் கழுவும் சடங்கில் பங்கேற்பவர்கள் மாலை ஐந்தரை மணிக்குள் வரவும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது காலை நன்றாகச் சுத்தம் செய்துகொண்டு வரவும்."

வலது கால் என்பது நானாகச் சேர்த்தது. ஒவ்வொரு வருடமும் எல்லோரும் வலது காலைத்தான் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு என்றால் தெளிவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்பா வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துப் பார்த்தார். அந்த வாரம் கருநீலம். கணுக்கால் வரை ஏறியிருந்தது.

"எலுமிச்சங்காய் தேய்ச்சுப் பாத்துட்டேன். மண்ணெண்ணெய் போட்டும் பாத்தாச்சு. நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. இது எதுல போகும்?"

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "நூல்ல தப்பா ஏறுன சாயத்தை எப்படி எடுப்பீங்களோ அப்படித்தானுங்ப்பா. ஹைட்ராஸ்ல ஒரு முக்கு முக்குனீங்கன்னா வேட்டிக்கு மேட்சா வந்துரும்."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்ததாகத்தான் நினைவு.

நிறம் மாறிப்போன நூலைச் சாயப்பட்டறைகளில் தூக்கி எறிய மாட்டார்கள். ஹைட்ராஸ் என்ற பொடியையும் காஸ்டிக் சோடாவையும் வெந்நீரில் கலந்து அதில் நூலை ஊற வைப்பார்கள். ஏறின சாயம் அத்தனையும் கழன்று வந்துவிடும். அந்தத் தண்ணீரில் கைவிட்டால் என்னவாகும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் கம்மியாகப் போட்டிருக்கிறார். புதன்கிழமை மதியம் வேலை முடிந்ததும், ஒரு பக்கெட்டில், நூலுக்குப் போடுவதில் பாதி அளவு, வெதுவெதுப்பான தண்ணீரில். முப்பது வருடம் அவர் செய்யத் துணியாததை நான் சொன்னேன் என்பதற்காகச் செய்திருக்கிறார். நான் படித்தவள், தெரியாமலா சொல்வேன்?

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, இங்க வந்து பாரு. போயிருச்சு!"

வலது கால் வெளுத்திருந்தது. இடது கால் நீலமாகவே இருந்தது. இரண்டும் வேறு வேறு ஆட்களின் கால்கள்போல இருந்தன.

"அரை மணி நேரம் வெச்சிருந்தேன். எரியவே இல்லை. சோப்பாட்ட வழுவழுன்னு ஆயிருச்சு பாரு."

அந்த வழுவழுப்பு என்னவென்று பதினொன்றாம் வகுப்புக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். அமிலம் பட்டால் உடனே சுடும். காரம் சத்தமில்லாமல் தோலைக் கரைத்துக்கொண்டிருக்கும். வலி பிறகுதான் வரும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அப்பாவை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரை ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். "எதுக்கு கண்ணு இத்தனை தண்ணி? அதான் சுத்தமாயிருச்சே" என்று அவர் சிரித்தார். பட்டறையிலேயே நடந்திருக்க வேண்டிய கழுவல் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் குதிகால் வெடிப்புகளில் எரிச்சல் தொடங்கியது. வியாழன் காலையில் பாதம் முழுக்கக் கொப்புளம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெள்ளைக் களிம்பைத் தடவிக் கட்டுப்போட்டுக்கொண்டே, "இதைய ஏனுங்க காலுல ஊத்துனீங்க?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "கை தவறிருச்சுங்க" என்றார். பத்து நாளைக்குத் தண்ணீரே படக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

ஆட்டோவுக்காக வெளியே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா கட்டுப்போட்ட காலை நீட்டி வைத்திருந்தார். வேட்டியைக் கொஞ்சம் தூக்கி மற்றக் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இடது காலு நல்லாத்தான இருக்குது."

"அதுக்கு?"

"சாயங்காலம் அதைய நீட்டுனா ஆகாதுங்களா?"

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. ஏதோ ஆபீஸில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பவரைப்போலக் கேட்டார்.

நான் இடது காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை கருநீலம். வெடிப்புக் கோடுகளில் அது இன்னும் இருண்டு கிடந்தது. நகங்கள் கருப்பு. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பதினொரு சுத்தமான கால்கள், பிறகு இது. முன்வரிசையில் இருப்பவர்கள் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். சாயங்காலமே பங்கு வாட்ஸாப் குழுவில் அந்தப் படங்கள் வரும். நான் வாசகம் வாசிக்கும் படமும் அதே வரிசையில் வரும். இதெல்லாம் யோசிக்க எனக்கு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

"இல்லீங்ப்பா. வலது கால் மட்டுந்தான். அதான் முறை."

"ஓ" என்றார். "முறைன்னா செரி."

ஆட்டோ வந்தது. ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மதியம் உபதேசியாருக்குப் போன் செய்தேன். "அடடா" என்றார் அவர். "நடக்க முடியாட்டிப் பரவாயில்லீங்க. நாலு பேரு நாற்காலியோட தூக்கிக் கொண்டுபோய் உக்கார வெச்சிரலாம். அவரு எத்தனை ஆசையா இருந்தாரு!"

"முடியாதுங்க. வலி அதிகமா இருக்குது" என்றேன். அப்பா அப்போது கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவிடம் முறுக்குக் கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கோவிலில் பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதியது போலவே எல்லோரும் பளபளவென்று வந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி காலி; அதற்குள் மாற்று ஆள் கிடைத்திருக்கவில்லை. வரவேண்டிய நேரத்தில் ஆள் இல்லையென்றால் உபதேசியாருக்குக் கை கால் ஓடாது. சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவருகே மைக் செட்டுக்காரர் குனிந்து வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா வயதுக்காரர். டீக்கடையில் அப்பாவோடு தினமும் உட்கார்பவர். உபதேசியார் அவர் கையைப் பிடித்து இழுத்தார். வாசகம் முடித்துவிட்டு மைக்குக்கு அருகிலேயே நின்றிருந்த எனக்கு அவர்கள் பேசியது முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, நான் மலைக்குப் போற ஆளுங்க. நெத்தியில பாருங்க, திருநீறு."

"இருக்கட்டுமுங்க. சித்த நேரம் உக்காருங்க, ஒரு ஆளு குறையுது."

"காலெல்லாம் மண்ணுங்க!"

"அதுக்குத்தானுங்க கழுவறதே."

மைக் செட்டுக்காரர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கோவிலில் ஒரு சிரிப்பு ஓடியது. பங்குத்தந்தை ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் மண்டியிட்டார். மைக் செட்டுக்காரருக்கு என் அறிவிப்பைப் பற்றி என்ன தெரியும்? வசதிப்பட்ட காலை நீட்டினார். இடது கால். வயர் இழுத்து இழுத்துப் புழுதி அப்பிய கால். பங்குத்தந்தை அதைக் கையில் வாங்கினார். செம்பிலிருந்து ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் செம்மண் நிறத்தில் விழுந்தது. இன்னொரு முறை ஊற்றச் சொன்னார். துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். மற்ற ஒவ்வொருவருக்கும் ஆனதைவிட அதிக நேரம் அந்தக் காலுக்குத்தான் ஆனது. மைக் செட்டுக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் உள்ளே போய்ப் பங்குத்தந்தையிடம் கேட்டேன். "ஃபாதர், கடைசியில் உட்கார்ந்தவர் இடது காலை நீட்டிவிட்டார்..."

அவர் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். "அப்படியா? நான் கவனிக்கலையேம்மா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது: அப்படியானால் யாருடைய முறை அது? பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவும் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

வந்ததும் ஒரு பேசினில் தண்ணீரும் துண்டும் எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்தேன். என் மனதில் இருந்தது பச்சாத்தாபம்தான். ஆனால் அதன் ஓரத்தில், இப்படிச் செய்தால் எத்தனை நல்ல கட்டுரையாகும் என்ற நினைப்பும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பேசினைப் பார்த்தார். "தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே கண்ணு. பக்கத்துல நீயும்தான இருந்தே?"

"இடது காலுக்குங்ப்பா."

"இதுக்கா?" என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இதை விடு. பேசினுந்தான் கெட்டுப்போகும். கோவில்ல யாரை உக்கார வெச்சாங்க, அதைச் சொல்லு."

மைக் செட்டுக்காரரை உட்கார வைத்த கதையைச் சொன்னேன். திருநீறு, மண், உபதேசியாரின் பதில், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். எனக்குக் கதை சொல்ல வரும். அப்பா கட்டில் குலுங்கச் சிரித்தார். எந்தக் காலை நீட்டினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பேசின் தண்ணீரை அம்மா எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்து வந்தபோது அலமாரியில் ஒரு ரொட்டி இருந்தது. பாதம் கழுவப்பட்ட பன்னிரண்டு பேருக்கும் கோவிலில் கொடுப்பது. "மைக் செட்டுக்காரரு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு" என்றார் அம்மா. "உங்க நாற்காலிங்க, உங்க ரொட்டிங்க, நான் சும்மா காவலுக்கு உக்காந்தேன்னாரு. உங்கப்பனும் அவரும் ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க." ஈஸ்டரன்று காலையில் அதை மூன்று பேரும் பிய்த்துத் தின்றோம். காய்ந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை எழுதி வைத்த அரைப்பக்கத்தை நான் மடலுக்குக் கொடுக்கவில்லை. வேறொன்று எழுதிக் கொடுத்தேன். எதைப் பற்றி என்றுகூட இப்போது நினைவில்லை.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது. அந்தக் காலோடு தொட்டி வேலைக்குப் போக முடியாதென்று பட்டறையில் அவரைக் காய்ந்த நூலை மூட்டை கட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள். நல்ல முதலாளி. அதனால் அப்பாவின் கால்கள் மெல்ல மெல்ல வெளுத்தன. நகங்களில் மட்டும் கருப்பு அடியிலிருந்து நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்து, ஒருநாள் அதையும் வெட்டிவிட்டார். "அடுத்த வருசம் கட்டாயம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்த பங்குத்தந்தை அதற்குள் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல்முறை நற்கருணை வாங்கிய பன்னிரண்டு குழந்தைகளின் பாதங்களைக் கழுவினார். இந்த வருடம் மறுபடியும் அன்பியங்களிடமிருந்து பெயர் கேட்டார்கள். நான் குலுக்க விடவில்லை. அப்பாவின் பெயரை நேராக எழுதினேன். அவர்தான் அழிக்கச் சொன்னார்.

"வேண்டாம் கண்ணு. இப்பத்தான் காலு சுத்தமா இருக்குதே. வேற யாருக்காச்சும் குடு."

வெறும் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் இழக்க வைத்தது ஒரு சாயங்காலத்தை என்று நினைத்திருந்தேன். அவர் கூச்சப்பட்டு முப்பது வருடம் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்த காலை, அப்படியே, அந்த நிறத்தோடேயே, ஒருவர் மண்டியிட்டுக் கையில் வாங்கியிருப்பார். அது இனி நடக்காது. வாங்குவதற்கு அந்தக் கால் இப்போது இல்லை.

அதனால் இதை எழுதினேன். மடலின் அரைப்பக்கத்தில் இது அடங்காது. எத்தனையோ பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். கைக்குட்டை போட்டவர், கைப்பை திறந்தவர்கள், பவுடர் அடித்தவர்கள். ஒன்றில்கூடத் தப்புச் செய்தவள் நானாக இல்லை. இதில்தான் முதல்முறை. பாடம் என்னவென்று கடைசி இரண்டு வரியில் எழுதிப் பார்த்தேன். நான்கு விதமாக எழுதி நான்கையும் அடித்துவிட்டேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் என் பக்கத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். சரியான இடத்தில் சரியாகச் சிரிப்பார். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, "இந்த மாசத்துது எங்க?" என்று கேட்டார். இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டறைப் பேச்சு வந்தபோது சிரித்தார். பக்கெட் வந்தபோது வலது காலைத் தடவிக்கொண்டார். சிமெண்டுப் பெஞ்சு வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. பீடத்தில் அத்தனை உயரும் குரல். முறை என்று ஒன்று இல்லவே இல்லை, நான்தான் வெட்கப்பட்டுச் சொன்னேன் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மைக் செட்டுக்காரரின் இடது கால் வந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

"தெரியுங் கண்ணு" என்றார் அப்பா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த வெள்ளிக்கிழமையே அவரு சொல்லிப்போட்டாரு. எந்தக் காலுன்னு தெரியாம இடது காலை நீட்டிப்போட்டனுங்க, சாமி ஒண்ணுஞ் சொல்லலீங்கன்னு."

இரண்டு வருடம். இந்த இரண்டு வருடமும் ஒவ்வொரு மாதமும் என் எதிரில் உட்கார்ந்து, நான் அடுத்தவர்களுக்குச் சொன்ன பாடங்களைக் கேட்டு, சரியான இடத்தில் சிரித்திருக்கிறார்.

"ஏனுங்ப்பா எங்கிட்டக் கேக்கலை?"

அப்பா வேட்டி நுனியைக் காலின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து அம்மா, "அப்பனும் மகளும் பேசி முடிச்சிருந்தா தட்டை எடுத்துப் போடுங்க" என்று குரல் கொடுத்தார்.

"நிறுத்திட்டயே, படி" என்றார் அப்பா. "அப்புறம் என்னாச்சு?"

அதற்குமேல் இருந்ததையும் வாசித்தேன். பேசின், ரொட்டி, வெட்டிப்போட்ட நகம். கடைசித் தாளில் அடித்துப்போட்ட நான்கு வரிகள் வந்தன. அவற்றுக்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.